சார்ட்டுக்கு முன்னால் நின்றவர்கள்

துறையூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஃப்ளெக்ஸ் கடைகளில் காதணி விழா, மணவிழா, கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றோடு இப்போது இன்னொன்றும் அச்சாகிறது. அது கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வு போஸ்டர். திருச்சிக் கல்லூரிகளில் கருத்தரங்கு நடக்கும் மாதங்களில் பென் டிரைவும் கையுமாகப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கணினியில் இருப்பவர், “மூணுக்கு நாலா? மேல காலேஜ் பேரு பெருசா வரணுமா?” என்று கேட்கிறார். நிறத்தைக் கொஞ்சம் கூட்டி, வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, சதுர அடிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார். சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எங்கள் காலத்தில் துறையூரிலிருந்து ஆராய்ச்சி செய்யப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் பெண்கள் இன்னும் குறைவு. இன்று உப்பிலியபுரத்திலிருந்தும் சோபனபுரத்திலிருந்தும் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கப்போகும் பெண்கள் போஸ்டரோடு கிளம்புகிறார்கள்.

இந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எனக்கு உண்டு. அந்தச் சுருள் திருச்சியில் விரிக்கப்பட்ட பிறகு அதன் முன்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் அது.

1980களின் கடைசியில் நான் திருச்சியில் எம்.எஸ்சி. தாவரவியல் படித்தேன். அப்போது போஸ்டர் என்றால் கடையில் வாங்கும் சார்ட் அட்டைதான். வெள்ளை, இளமஞ்சள், ரோஸ் என்று நிறம் மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எழுத்து நம்முடையது, இல்லையென்றால் கையெழுத்து நன்றாக இருக்கும் விடுதி நண்பனுடையது. பென்சிலில் கோடு போட்டு, ஸ்டென்சில் தட்டை வைத்துத் தலைப்பை வரைந்து, ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பி, மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழிக்க வேண்டும். ஓர் எழுத்து தப்பினால் அந்த இடத்தில் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்ட வேண்டும். இலையின் குறுக்குவெட்டுப் படங்களுக்கு இந்தியன் இங்க். புகைப்படம் என்றால் ஸ்டூடியோவில் கழுவிப் பிரதி எடுத்து நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டுவோம். ஆய்வுச் சுருக்கத்தைத் துறையூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கில மெஷினில் அடித்துத் தரச் சொல்வோம். செடிகளின் லத்தீன் பெயருக்கு அடிக்கோடு போட வேண்டும் என்பதைத் தட்டச்சு ஆசிரியருக்குப் புரிய வைப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். ஆனால் அவர் எங்களைவிடப் பொறுமைசாலி. ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு அடித்தார்.

பேச்சு என்றால் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைத்துத் திரையில் காட்டும் ஓ.எச்.பி. ஷீட். ஒரு ஷீட்டின் விலை மாணவனுக்குப் பெரிய காசு. அழியும் மையில் எழுதிவிட்டு, கருத்தரங்கு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவோம். சிலர் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கிக் கழுவிக் கண்ணாடிபோல் ஆக்கி அதில் எழுதினார்கள். ஷீட் கிடைப்பது அரிது என்பதால் எதை எழுதுவது, எதை வாயால் சொல்வது என்று முன்பே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. மூன்று ஷீட்டுக்குள் அடக்க முடியாதவன் இன்னும் யோசிக்க வேண்டும் என்று எங்கள் துறையில் ஓர் ஆசிரியர் சொல்வார். இன்று முப்பது ஸ்லைடுகளோடு வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் கடத்திவிட ஆசைப்படுகிறேன்.

என் ஆய்வு உசிலை மரத்தைப் பற்றியது. துறையூருக்கு வடக்கே பச்சமலை. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் வழியில் சரிவெல்லாம் உசிலை நின்றது. அதன் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகளுக்கெல்லாம் அது வேண்டும். மலைவாழ் மக்கள் கொப்பை வெட்டி இலையை உதிர்த்து மூட்டை கட்டி இறக்குவார்கள், துறையூர் வியாபாரிகள் வாங்குவார்கள். ஆடுகளும் அதே இலையைத் தேடித் தின்னும். வெட்டுவதால் மரம் அழிகிறதா, மேய்ச்சலால் அழிகிறதா என்பதுதான் என் கேள்வி. பத்துக்குப் பத்து மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, உள்ளே எத்தனை மரம், எத்தனை அடிமரத் துளிர்ப்பு, விதையிலிருந்து முளைத்த கன்று எத்தனை என்று எண்ணினேன். வெட்டிய மரங்கள் அடியிலிருந்து தழைத்து வந்திருந்தன. கன்றுகளைத்தான் காணவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்த மலைப் பெரியவர் ஒருவர், “மரம் போவாது தம்பி, வாரிசுதான் இல்ல” என்றார். என் ஆய்வின் முடிவை என்னைவிடச் சுருக்கமாக அவர் சொல்லிவிட்டார்.

மேற்கோள் நூல்களுக்குத்தான் பெரும்பாடு. வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரை வேண்டுமென்றால் அதற்கென்று அச்சடித்த அஞ்சலட்டையில் கட்டுரைத் தலைப்பை நிரப்பி, அதை எழுதியவருக்கே அனுப்புவோம். கட்டுரைப் பிரதி வருவதற்கு மாதக்கணக்காகும். வந்தால், அந்த உறையில் இருக்கும் வெளிநாட்டுத் தபால்தலைக்கே விடுதியில் போட்டி நடக்கும். இன்று ஷோத்கங்கா தளத்தைத் திறந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர்பட்ட ஆய்வேடுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பச்சமலைக்காரன் கையிலுள்ள கைபேசியில் அவை இறங்குகின்றன. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கருத்தரங்கு பங்குனி மாதத்தில் திருச்சியின் வேறொரு கல்லூரியில் நடந்தது. அதற்கு முந்தின வாரம் ஊருக்கு வந்திருந்தேன். மூன்று சார்ட்டுகளைச் செய்தித்தாளில் சுருட்டி, கசங்காமல் இருக்க துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்க்குள் செருகிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன். மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம், சத்திரம். அந்தக் கொள்ளிடப் பாலம் இப்போது பயன்பாட்டில் இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. புதுப்பாலத்தில் பஸ் பறக்கிறது.

வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, சணல் கயிறு கட்டி, அதில் சார்ட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் பேச்சு. எட்டாவது நிமிடம் ஒரு மணி, பத்தாவது நிமிடம் இரண்டு மணி. இரண்டாம் மணி அடித்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் மணிக்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு யாரும் மணி அடிக்கவில்லை. பிற்பகல் முழுவதும் சார்ட்டுகளுக்கு விட்டிருந்தார்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. வேறு கல்லூரிகளிலிருந்து வந்திருந்த ஆசிரியர்கள் ஒவ்வொரு சார்ட்டாக நின்று நின்று வந்தார்கள்.

கைத்தறித் துணிப்பையைத் தோளில் மாட்டிய வயதான ஆசிரியர் ஒருவர் என் சார்ட்டுக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டவணையை முழுக்கப் படித்தார். பிறகு தமிழில் கேட்டார்.

“எந்த மாசத்துல எண்ணினே தம்பி?”

“மாசியில சார்.”

“ஐப்பசி கார்த்திகை மழையில முளைச்ச கன்னு, மாசி வெயில் வரைக்கும் எத்தனை நிக்கும்? ஆடு தின்னதுன்னு சொல்றே. காஞ்சு போயிருந்தா?”

அந்த மலைக்கு மழைக்காலத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார். ஒரு சதுரத்துக்கு முள் அடைத்துவிட்டு, பக்கத்துச் சதுரத்தைத் திறந்துவிட்டால் ஆட்டையும் வெயிலையும் பிரித்துப் பார்க்கலாம் என்றார். என் பேனாவை வாங்கி, சார்ட்டின் ஓரத்திலேயே இரண்டு கட்டம் போட்டு, ஒன்றைச் சுற்றி வேலி வரைந்தார். பிறகு, “ஜோசப் காலேஜ் ஹெர்பேரியத்துக்குப் போயிருக்கியா? உன் செடிய அங்க கொண்டுபோய் வச்சுப் பாரு” என்றார். பேர் சொல்லவில்லை. அடுத்த சார்ட்டுக்கு நகர்ந்துவிட்டார். அவர் வரைந்த அந்த இரண்டு கட்டங்கள்தான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஆயின.

அந்த வருட மழைக்குப் பின் மலை ஏறினேன். பெரியவரும் நானும் சூரை முள்ளை வெட்டிப் போட்டு ஒரு சதுரத்தை அடைத்தோம். மாசியில் மறுபடி போனபோது வேலிக்குள் கன்றுகள் வாடியும் வதங்கியும் நின்றன, ஆனால் நின்றன. வேலிக்கு வெளியே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வெயில் கொன்றது கொஞ்சம், ஆடு தின்றது மிச்சம். சிறிய உண்மைதான். ஆனால் அதை என் கையால் பிரித்துப் பார்த்திருந்தேன்.

அவர் சொன்ன ஜோசப் காலேஜுக்கும், அதாவது தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்துக்கும் போனேன். 1967-இல் தொடங்கப்பட்டது அது. அருட்தந்தை கே.எம். மேத்யூ உருவாக்கியது. தமிழகத்தின் சமவெளியையும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் அலசி, 1980களில் அவர் வெளியிட்ட ‘தமிழ்நாடு கர்நாடிக்’ தாவரத் தொகுதிகள் இன்றும் எங்கள் துறைக்குக் கைவிளக்கு. தடித்த வெள்ளைத் தாளில் தைத்து ஒட்டிய காய்ந்த கொப்பு, கீழ்மூலையில் சீட்டு, அதில் செடியின் பெயர், எடுத்த ஊர், உயரம், தேதி, எடுத்தவர் பெயர், எண். எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், யார் எடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத செடிக்கு அந்த அலமாரியில் இடமில்லை. துணிப்பை ஆசிரியர் என்னை அங்கே அனுப்பியது ஏன் என்று அப்போது விளங்கியது. இன்றும் திருச்சி வட்டாரத்து மாணவர்கள் மூலிகை ஆய்வுக்கு எடுத்த செடியை அங்கே கொண்டுபோய்ச் சரிபார்த்து, சான்று எண் வாங்கிக்கொண்டுதான் போஸ்டரில் போடுகிறார்கள். மாறாமல் இருக்கும் நல்ல பழக்கம் இது.

துணிப்பை ஆசிரியர் கேட்டதுபோல் நின்று கேள்வி கேட்பதற்குப் போஸ்டர் என்ற வடிவமே ஏற்றதுதான். அறிவியல் மாநாடுகளில் பேச விரும்புவோர் பெருகி மேடை நேரம் போதாமல் போனபோது, 1960களின் கடைசியில் ஐரோப்பாவில் சுவரில் ஒட்டிப் பேசும் முறை வந்தது. 1974-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டுக்குப் பிறகு அங்கும் பரவியது. மேடையில் பேசுபவருக்கு நூறு பேர் பத்து நிமிடம் காது கொடுப்பார்கள். போஸ்டருக்கு முன்னால் ஒருவர் நின்று அரை மணி நேரம் கேட்கலாம், விரலை வைத்துக் காட்டலாம், மறுக்கலாம். நேரமின்மைக்குக் கண்டுபிடித்த வழி, நெருங்கிப் பேசுவதற்கான வழியாகவும் ஆனது. 2019-இல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர், போஸ்டரின் நடுவில் முக்கியமான ஒரே முடிவைப் பெரிய எழுத்தில் எளிய மொழியில் போட்டுவிட்டு, விவரங்களை ஓரத்துக்கு ஒதுக்கி, முழுக் கட்டுரைக்கு கியூ.ஆர். குறியீட்டைத் தரலாம் என்று ஒரு வடிவத்தை முன்வைத்தார். உலகம் முழுக்க மாணவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். அவரும் சொன்னது இதுதான். நடந்துபோகிறவர் நின்று பேசத் தொடங்க வேண்டும்.

அப்படி நின்று பேசியதை நான் மிக நன்றாகப் பார்த்தது கல்லூரியில் இல்லை, பள்ளிப் பிள்ளைகளிடம். 1993-இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்து நடத்தியது. 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து, மாவட்ட மாநாட்டில் சில சார்ட்டுகளோடு எட்டு நிமிடம் பேச வேண்டும். எந்த மொழியிலும் பேசலாம். எங்கள் பிள்ளைகள் தமிழில் பேசினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறையூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண்கள் நால்வர் சின்ன வெங்காயப் பட்டறையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வெங்காயத்தை விலை வரும்வரை வயலிலேயே கல் மேல் மூங்கிலும் மிளாறும் பரப்பி, உயர்த்திப் பட்டறை போட்டு, மேலே ஓலை வேய்ந்து வைத்திருப்பார்கள். எத்தனை வாரத்தில் எவ்வளவு அழுகுகிறது, தரையில் கொட்டி வைத்தால் எவ்வளவு அழுகுகிறது என்று மளிகைக்கடைத் தராசில் வாராவாரம் நிறுத்தார்கள். மாநாட்டில் நடுவர், “பட்டறைய ஏன் தரையிலேருந்து தூக்கிக் கட்டறாங்க?” என்று கேட்டார். அந்தக் குழுவில் மிகச் சிறிய பெண், சார்ட்டைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்துச் சொன்னாள்: “கீழ காத்து போவணும் சார். வெங்காயம் மூச்சு விடும். மூச்சுல ஈரம் வரும். ஈரம் போவலைன்னா பூஞ்சை வந்துரும்.” “யார் சொன்னா?” “எங்கப்பா சொன்னாரு. நாங்க நிறுத்துப் பாத்தோம். சரிதான்.” தகப்பன் சொன்னதைத் தராசு வைத்துச் சோதித்துவிட்டு, சரி என்று அவருக்கே சான்று கொடுத்த பெண் அவள். அறிவியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இன்றும் அந்தப் பதிலைத்தான் சொல்கிறேன்.

அதே மாதிரிப் பெண்கள் நான்கைந்து வருடம் கழித்துக் கல்லூரிக்கு வந்து கருத்தரங்கில் நிற்கும்போது ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் திகைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கேட்கிற மொழியில் வாய் திறக்கப் பயம். ஆங்கிலத்தில் எழுதப் பழகத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உலக இதழ்கள் அந்த மொழியில்தான் இருக்கின்றன. ஆனால் போஸ்டர் ஆங்கிலத்தில் இருப்பதால் பேச்சும் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. என்னைக் கேட்ட துணிப்பை ஆசிரியர் தமிழில் கேட்டார். அதனால்தான் என்னிடமிருந்து பதில் வந்தது.

கருத்தரங்குகள் பெருகியதற்குக் காரணங்கள் உண்டு. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி முறை கொண்டுவந்தது. கருத்தரங்கு நடத்தினாலும் அதில் கட்டுரை படித்தாலும் புள்ளி. 2016 விதிகளில், முனைவர்பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கு உரைகளும் கட்டாயம் என்றார்கள். 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனால் அதற்குள் பழக்கம் வேரோடிவிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஜியோ டேக் புகைப்படம், வருகைப் பதிவு, சான்றிதழ்ப் பிரதி எல்லாம் கோப்பில் ஏறுகின்றன. 2020-க்குப் பிறகு இணையவழிக் கருத்தரங்குகள் வந்தன. பதிவுப் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. கேட்பவர் இருந்தாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்த வேலையில் இருந்தவன், கோப்பின் பாரம் எனக்குத் தெரியும். கோப்புக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கை மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அண்மையில் என் தங்கை மகள் திருச்சியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் போஸ்டர் வைத்தாள். அவள் உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறாள். எடுத்துக்கொண்ட மரம் உசிலை. அரப்பு தேய்த்தால் தலையில் புண் வராது என்று அவள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாள். அது உண்மையா என்று பார்க்க ஆசை. துறையூர்ப் பெருமாள்மலை அடிவாரத்தில் இலை பறித்து, நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் சாறு இறக்கி, பாக்டீரியா வளர்த்த தட்டுகளில் சிறு காகித வில்லைகளை வைத்து, அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளந்திருந்தாள். நான் கயிறு கட்டி எண்ணிய மரத்தை அவள் தட்டில் வைத்து அளக்கிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. போஸ்டர் அழகாக வந்திருந்தது. தட்டுகளின் புகைப்படம் கண்ணாடிபோல் தெளிவு. எங்கள் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத தெளிவு.

நானும் கூடப் போனேன். பெரிய அரங்கம், குளிர்சாதனம், வரிசை வரிசையாகப் போஸ்டர்கள். தொடக்க விழா நீண்டது. பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் முடியப் பகலாகிவிட்டது. போஸ்டர்களுக்கு ஒதுக்கிய நேரம் சாப்பாட்டு இடைவேளையோடு கலந்துவிட்டது. நடுவர்கள் மதிப்பெண் தாளோடு வந்தார்கள். தலைப்பைப் பார்த்தார்கள், அமைப்பைப் பார்த்தார்கள், “குட்” என்றார்கள். போஸ்டரோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். என் மருமகள் ராத்திரியெல்லாம் ஒப்பித்த முதல் வரியைத் தொடங்குவதற்குள் அவர்கள் பக்கத்துப் போஸ்டருக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு எத்தனை போஸ்டர், எவ்வளவு நேரம் கொடுத்திருந்தார்கள் என்று பார்த்தால் அவர்கள் மீதும் கோபம் வரவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். பாராட்டுதான் கிடைத்தது, ஆனாலும் அவள் முகம் விழுந்திருந்தது.

“நான் கேக்கறேன், சொல்லு பாப்பா. எந்த மாசத்துல பறிச்ச?”

“ஆடியில மாமா.”

“கொழுந்தா, முத்தலா?”

“ரெண்டும் கலந்துதான்... ஏன் மாமா, மாறுமா?”

“இலையில இருக்கற சரக்கு மாசத்துக்கு மாசம் மாறும், வயசுக்கு வயசு மாறும். மெத்தனால் மட்டும் வச்ச வில்லையும் போட்டியா?”

“போட்டேன் மாமா. இதோ, நடுவுல இருக்கறது அதுதான். அதைச் சுத்தி வளையமே இல்ல பாருங்க.” படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். அப்புறம் நிறுத்தவில்லை. எந்தப் பாக்டீரியாவுக்கு வளையம் பெரிதாக வந்தது, எதற்கு வரவேயில்லை, பாட்டி அரப்பைத் தண்ணீரில்தானே கரைக்கிறாள், மெத்தனாலில் வந்தது தண்ணீரிலும் வருமா, அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும் என்று தமிழில் கொட்டினாள். பக்கத்துப் போஸ்டர்களில் நின்றிருந்த பெண்கள் இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, “எங்க ஊர்ல வேற மாதிரி காயவைப்பாங்க அக்கா, வெயில்லயே போட்ருவாங்க” என்றாள். நிழலா வெயிலா என்று மூவரும் பேசத் தொடங்கினார்கள். காலையிலிருந்து அந்த அரங்கத்தில் நடக்க வேண்டிய கருத்தரங்கு அப்போதுதான் நடந்தது.

கேட்க ஆளில்லாத மாணவன் தானாக வழி தேடிக்கொண்ட கதையும் நம் ஊரில் உண்டு. துறையூர் பஸ் தினமும் கடந்து போகும் திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே ஒளி பற்றி ஒரு சோதனை செய்து கட்டுரை எழுதினார். ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்தார். மாதங்கள் போயும் கருத்து எதுவும் வரவில்லை. அவரே லண்டனில் வெளியாகும் ‘ஃபிலசாபிக்கல் மேகஸின்’ இதழுக்கு அனுப்பினார். 1906-இல் அது அச்சானபோது அவருக்கு 18 வயது. 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட ராமன் விளைவைப் பற்றி மார்ச் 16-லேயே பெங்களூரில் கூடியிருந்தவர்கள் முன் பேசினார். அச்சிட்ட உரையை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். கண்டதை உடனே நான்கு பேர் முன் வைக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. ஆனால் எல்லா மாணவரும் ராமன் இல்லை. பெரும்பாலானவர்கள், முதல் கருத்தரங்கில் ஒருவராவது நின்று கேட்டால்தான் இரண்டாம் வருடமும் சோதனைத் தட்டைத் தொடுவார்கள்.

திருச்சியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கருத்தரங்கு நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. தொடக்க விழாவை அரை மணி நேரத்தில் முடியுங்கள். போஸ்டர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமும் அதை முன்பே படித்துவிட்டு வரும் இரண்டு ஆட்களும் கொடுங்கள். கேள்வியைத் தமிழில் கேளுங்கள், பதிலைத் தமிழில் சொல்ல விடுங்கள். கருத்தரங்கு முடிந்ததும் அந்த ஃப்ளெக்ஸ் பரணில் தூங்க வேண்டாம். வெங்காயத்தைப் பற்றியது உழவர் சந்தையில் ஒருநாள் தொங்கட்டும், உசிலையைப் பற்றியது டாப் செங்காட்டுப்பட்டிப் பள்ளியில் தொங்கட்டும். அங்கே கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்றைக்கு உங்கள் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ பிள்ளைகள் சார்ட்டும் ஃப்ளெக்ஸும் மாட்டியிருப்பார்கள். நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. உள்ளே போங்கள். ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று முழுக்கப் படியுங்கள். எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், எப்படித் தெரியும் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.